எதிர்பார்க்கும் சம்பளம்: ஒரு நேர்காணல் கேள்வியின் வரலாறு

வேலைக்கான நேர்காணல்களில் பெரும்பாலும் இறுதியாகக் கேட்கப்படும் கேள்வி, "எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள்?" என்பது. குறைவாகச் சொன்னால் பல ஆண்டுகளுக்கு அந்தக் குறைவு தொடரும். அதிகமாகச் சொன்னால் வேலை கைநழுவலாம். இன்று இயல்பாகத் தோன்றும் இக்கேள்வி வரலாற்றில் மிகவும் பிந்தியது. நெடுங்காலம் ஊதியத்தை அரசும் வழக்கமும் வேலை கொடுப்பவருமே முடிவு செய்தனர். சில நாடுகளில் வரையறுத்த தொகைக்கு மேல் கேட்டு வாங்குவது சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. கேட்கும் உரிமை கிடைத்த பின்னரும், எவ்வளவு கேட்கலாம் என்று கணிக்கத் தேவையான தகவல் வேலை கொடுப்பவரிடமே தங்கியிருந்தது. அத்தகவலைப் பெறுவதற்கான முயற்சியே இக்கேள்வியின் வரலாற்றில் முதன்மையான இழையாகும்.

அரசு விதித்த ஊதியம்

ஊதியம் பற்றிய பழைய இந்தியப் பதிவுகளில் முக்கியமானது அர்த்தசாஸ்திரம். கௌடில்யர் இயற்றியதாகச் சொல்லப்படும் இந்நூலின் ஐந்தாம் பகுதியில் அரசுப் பணியாளர்களுக்கான ஊதியப் பட்டியல் உள்ளது. அமைச்சர், புரோகிதர், படைத்தலைவர், பட்டத்து இளவரசர் ஆகியோருக்கு 48,000 பணம் எனத் தொடங்கும் அப்பட்டியல், கடைநிலைப் பணியாளருக்கு 60 பணம் என்று முடிகிறது. பதவிதான் தொகையை முடிவு செய்தது. பதவியில் அமர்பவர் தன் விருப்பத்தைச் சொல்ல அதில் இடமில்லை.

தனியாரிடம் வேலை செய்பவர்களைப் பற்றி அந்நூலின் மூன்றாம் பகுதி பேசுகிறது. பேசி ஒப்புக்கொண்ட கூலி வழங்கப்பட வேண்டும். கூலி பேசாமல் வேலை செய்திருந்தால் உழவருக்கு விளைச்சலிலும், மேய்ப்பவருக்கு நெய்யிலும், வணிகப் பணியாளருக்கு விற்ற பொருளிலும் பத்தில் ஒரு பங்கு உரியது. வேலை ஒப்பந்தத்தை அக்கம்பக்கத்தார் அறிந்திருக்க வேண்டும் என்றும் அந்நூல் சொல்கிறது. பின்னாளில் தகராறு எழுந்தால் சாட்சி வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

ரோமப் பேரரசர் டயோக்ளீசியன் கி.பி. 301இல் வெளியிட்ட விலை ஆணை, பொருள்களின் விலையோடு கூலிக்கும் உச்சவரம்பு விதித்தது. பண்ணைத் தொழிலாளிக்கு உணவுடன் நாளொன்றுக்கு 25 தினாரியஸ், தச்சருக்கு 50 தினாரியஸ் என்பது அந்த வரம்பு. கணக்கு ஆசிரியர் ஒரு மாணவருக்கு மாதம் 75 தினாரியஸும், சொற்கலை ஆசிரியர் 250 தினாரியஸும் பெறலாம். வரம்பை மீறுவோருக்கு மரணதண்டனை வரை அறிவிக்கப்பட்டிருந்தது. ஆயினும் அவ்வாணையை நீண்டகாலம் நடைமுறையில் வைத்திருக்க முடியவில்லை.

கூடுதலாகக் கேட்பது குற்றமான காலம்

1348-49இல் இங்கிலாந்தைத் தாக்கிய கொள்ளைநோய் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. நிலம் அப்படியே இருந்தது. உழுவதற்கு ஆள் இல்லை. உயிர்பிழைத்த தொழிலாளர்கள் கூடுதல் கூலி கேட்டனர், கொடுப்பவரைத் தேடி ஊர்விட்டு ஊர் சென்றனர். வேலை தேடுபவர்கள் தாமே ஒரு தொகையைச் சொல்லும் நிலை பரவலாக ஏற்பட்ட காலங்களில் இதுவும் ஒன்று.

அரசு இதை ஏற்கவில்லை. 1349இல் வெளியான தொழிலாளர் ஆணையும் 1351இல் நாடாளுமன்றம் இயற்றிய தொழிலாளர் சட்டமும் கூலியை நோய்க்கு முந்தைய அளவிலேயே நிறுத்த முயன்றன. தலைமைத் தச்சருக்கு நாளொன்றுக்கு 3 பென்ஸ், பிற தச்சர்களுக்கு 2 பென்ஸ் என்று 1351ஆம் ஆண்டுச் சட்டம் குறிப்பிட்டது. தொழிலாளர்கள் தங்கள் கருவிகளை வெளிப்படையாகக் கையில் ஏந்தி நகரத்தின் பொது இடத்தில் நிற்க வேண்டும், மறைவாகப் பேசி வேலைக்கு அமரக் கூடாது என்றும் அது விதித்தது. மறைவில் பேசினால் கூலி உயர்ந்துவிடும் என்ற அச்சமே இதற்குக் காரணம். இச்சட்டங்கள் மீதான வெறுப்பு 1381ஆம் ஆண்டு உழவர் கிளர்ச்சிக்கான காரணங்களில் ஒன்றாக அமைந்தது.

1563ஆம் ஆண்டுக் கைவினைஞர் சட்டம், கூலியை ஆண்டுதோறும் நிர்ணயிக்கும் பொறுப்பை அந்தந்தப் பகுதியின் நீதிபதிகளிடம் ஒப்படைத்தது. நிர்ணயித்த தொகைக்கு மேல் கொடுப்பவருக்கு 10 நாள் சிறையும் 5 பவுன் அபராதமும் தண்டனை. வாங்குபவருக்கு 21 நாள் சிறை. கூலி விகிதங்களை அறிவிக்க மக்களைத் திரட்டும் வழக்கத்திலிருந்து வேலையாள் சந்தைகள் வளர்ந்தன. பண்ணையாளும் வேலையாளும் அங்கே நேரில் பேசினர். பேச்சு முடிந்ததும் அச்சாரமாக ஒரு காசு கைமாறும். இச்சட்டத்தின் கூலிப் பிரிவுகள் 1813இல்தான் நீக்கப்பட்டன.

தனி ஆளின் பேரமும் சங்கத்தின் பேரமும்

ஆடம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட 'நாடுகளின் செல்வம்' நூலில், கூலி என்பது இரு தரப்பும் பேசி முடிவு செய்வது என்றாலும் இருவரும் சமநிலையில் இல்லை என்பதை விளக்கினார். முதலாளிகள் எண்ணிக்கையில் குறைவு, எளிதில் ஒன்றுகூடுவர். கூலியை உயர்த்துவதில்லை என்ற சொல்லப்படாத உடன்பாடு அவர்களிடையே எப்போதும் உண்டு. வேலை நடக்காவிட்டாலும் சேமிப்பைக் கொண்டு ஓராண்டு தாக்குப்பிடிக்க அவர்களால் முடியும். தொழிலாளர்களில் பலரால் ஒரு வாரம்கூட முடியாது. அன்றைய சட்டம் தொழிலாளர்கள் கூடுவதைத் தடுத்தது, முதலாளிகள் கூடுவதைத் தடுக்கவில்லை என்பதையும் ஸ்மித் சுட்டிக்காட்டினார். கூலி உயர்வுக்காகத் தொழிலாளர்கள் ஒன்றுசேர்வதற்கு எதிராக 1799, 1800 ஆண்டுகளில் இயற்றப்பட்ட சட்டங்கள் 1824இல் நீக்கப்பட்டன.

இதே சிக்கல் சென்னையில் நூறாண்டுகளுக்குப் பின் எழுந்தது. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்களுக்காக 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. கோ. செல்வபதி செட்டியாரும் கோ. இராமானுஜலு நாயுடுவும் அதற்கு அடித்தளமிட்டனர். பி.பி. வாடியா தலைவரானார். திரு.வி. கல்யாணசுந்தரனாரும் சங்கப் பணியில் இணைந்தார். ஆலை நிர்வாகம் சங்கத் தலைவர்கள் மீது வழக்குத் தொடுத்து உயர் நீதிமன்றத்தில் தடையாணை பெற்றது. சங்கமாகச் சேர்ந்து கேட்பது சட்டப்படி குற்றமல்ல என்ற பாதுகாப்பு 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தால் கிடைத்தது.

சங்கம் பேசி முடிவு செய்யும் இடத்தில் ஒவ்வொருவரும் தனியே தொகை சொல்லத் தேவையில்லை. சங்கம் இல்லாத அலுவலகப் பணிகளில்தான் அந்தச் சுமை தனி ஆளின் மீது விழுந்தது.

ஊதிய விகிதமும் விண்ணப்பப் படிவமும்

இருபதாம் நூற்றாண்டில் பெரிய நிறுவனங்கள் பணியாளர் துறைகளை அமைத்தன. ஒவ்வொரு பணிக்கும் தேவைப்படும் அறிவு, பொறுப்பு ஆகியவற்றுக்கு மதிப்பெண் இட்டு ஊதியத்தை வகுக்கும் முறைகள் உருவாயின. எட்வர்ட் ஹே 1943இல் பிலடெல்பியாவில் தொடங்கிய நிறுவனம் இத்தகைய பணி மதிப்பீட்டு முறையை உலகெங்கும் பரப்பியது. ஒவ்வொரு பணிக்கும் குறைந்த தொகை, உயர்ந்த தொகை என ஒரு வரம்பு வகுக்கப்பட்டது. பிற நிறுவனங்கள் என்ன கொடுக்கின்றன என்ற ஊதியக் கணக்கெடுப்புகளையும் நிறுவனங்கள் விலைகொடுத்து வாங்கின.

ஆகவே மேசையின் ஒரு பக்கத்தில் இருப்பவரிடம் வரம்பும் சந்தை நிலவரமும் எழுத்தில் இருந்தன. மறுபக்கத்தில் இருப்பவர் தன் பழைய சம்பளத்தை மட்டுமே அறிவார். அதையும் விண்ணப்பப் படிவம் கேட்டு வாங்கிக்கொண்டது.

அரசுப் பணியில் நிலைமை வேறு. இந்தியாவில் முதல் ஊதியக் குழு 1946இல் அமைக்கப்பட்டது. ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரைப்படி 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் குறைந்தபட்ச அடிப்படை ஊதியம் மாதம் 18,000 ரூபாய் ஆனது. அரசுப் பணிக்கான அறிவிப்பிலேயே ஊதிய நிலை அச்சிடப்படுகிறது. அங்கே எதிர்பார்க்கும் சம்பளம் என்ற கேள்விக்கே இடமில்லை.

பழைய சம்பளம் பின்தொடர்தல்

முந்தைய சம்பளத்தை அடிப்படையாக வைத்துப் புதிய சம்பளத்தை முடிவு செய்யும் வழக்கம், ஒருமுறை நேர்ந்த குறைவை நிலையானதாக்குகிறது. இதை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரே வேலைக்கு ஒருவர் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாயிலும் மற்றொருவர் 5 லட்சம் ரூபாயிலும் சேர்கின்றனர் எனக் கொள்வோம். இருவரும் மூன்று முறை வேலை மாறி, ஒவ்வொரு முறையும் 30 விழுக்காடு உயர்வு பெறுகின்றனர். முதலாமவர் சுமார் 6.59 லட்சத்தை அடைவார், இரண்டாமவர் சுமார் 10.99 லட்சத்தை அடைவார். தொடக்கத்தில் 2 லட்சமாக இருந்த இடைவெளி 4.4 லட்சமாகிவிடும். உயர்வு விழுக்காடு இருவருக்கும் ஒன்றே என்பதால் இதில் அநீதி இருப்பதாக எவருக்கும் தோன்றாது.

அமெரிக்காவில் இச்சிக்கல் நீதிமன்றங்களுக்குச் சென்றது. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபட்ட ஊதியம் தருவதை 1963ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டம் தடைசெய்தது. பணிமூப்பு, தகுதி, உற்பத்தி அளவு ஆகியவற்றோடு, பால் வேறுபாடு அல்லாத வேறு காரணங்களுக்கும் அச்சட்டம் விலக்கு அளித்தது. பழைய சம்பளம் இந்த விலக்கில் சேருமா என்பதே பின்னாளில் எழுந்த வழக்குகளின் மையம். பெண்கள் குறைந்த ஊதியத்துக்கு வரத் தயாராக இருந்தனர் என்பது நியாயமான காரணம் ஆகாது என்று 1974இல் கார்னிங் கண்ணாடி நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது.

லில்லி லெட்பெட்டர் அலபாமா மாநிலத்தில் குட்இயர் டயர் ஆலையில் 1979 முதல் 1998 வரை பணியாற்றினார். பணியின் இறுதிக்கட்டத்தில் அவருடைய மாதச் சம்பளம் 3,727 டாலர். அதே நிலையில் இருந்த ஆண்களில் மிகக் குறைவாகப் பெற்றவருக்கே 4,286 டாலர் கிடைத்தது. பெயரில்லாத ஒரு துண்டுச்சீட்டு வழியாகவே இந்த வேறுபாடு அவருக்குத் தெரியவந்தது. சம்பளம் முடிவு செய்யப்பட்ட 180 நாட்களுக்குள் புகார் தரவில்லை என்று 2007இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தெரியாத ஒன்றைப் பற்றி ஒருவர் எவ்வாறு புகார் தர முடியும் என்ற விவாதம் எழுந்தது. குறைந்த சம்பளம் வழங்கப்படும் ஒவ்வொரு முறையும் காலவரம்பு புதிதாகத் தொடங்கும் என்று 2009 ஜனவரி 29 அன்று கையெழுத்தான சட்டம் மாற்றியமைத்தது. அச்சட்டம் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ மாவட்டக் கல்வி அலுவலகத்தில் ஐலீன் ரிசோ 2009இல் கணிதக் கல்வி ஆலோசகராகச் சேர்ந்தார். முந்தைய சம்பளத்தோடு 5 விழுக்காடு சேர்த்து ஊதியப் படியை முடிவு செய்வது அங்கு விதியாக இருந்தது. அரிசோனாவில் அவர் பெற்ற ஆசிரியர் சம்பளம் குறைவு என்பதால் மிகக் கீழ்ப்படியில் அமர்த்தப்பட்டார். 2012இல் சக பணியாளர்களுடன் மதிய உணவு உண்டபோது, புதிதாகச் சேர்ந்த ஆண் ஒருவர் தன்னைவிட உயர்ந்த படியில் தொடங்கியதை அறிந்தார். முந்தைய சம்பளம் ஊதிய வேறுபாட்டை நியாயப்படுத்தாது என்று ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி, அது வெளியாவதற்கு முன்பே இறந்திருந்ததால் உச்ச நீதிமன்றம் அதை 2019இல் ரத்து செய்தது. 2020இல் அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கை மீண்டும் விசாரித்து அதே முடிவுக்கு வந்தது.

கேட்பதும் தயங்குவதும்

லிண்டா பாப்காக், சாரா லாஷெவர் ஆகியோர் 2003இல் வெளியிட்ட நூல், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மேலாண்மை முதுகலை முடித்தவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்றை விவரிக்கிறது. நிறுவனம் சொன்ன தொகையை ஏற்காமல் கூடுதல் கேட்டவர்கள் ஆண்களில் 57 விழுக்காடு, பெண்களில் 7 விழுக்காடு மட்டுமே. கேட்டிருக்க வேண்டும் என்ற அறிவுரைக்கு இது பெரிதும் மேற்கோளானது. ஆனால் பாப்காக் பிறருடன் சேர்ந்து 2007இல் வெளியிட்ட ஆய்வு, கூடுதல் கேட்கும் பெண்களை மதிப்பிடுபவர்கள் ஆண்களைவிடக் கடுமையாக எடைபோடுவதைக் காட்டியது. தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. சம்பளம் பேசி முடிவு செய்யப்படும் என்று விளம்பரத்திலேயே தெளிவாகச் சொன்னால், பேரம் பேசுவதில் ஆண், பெண் வேறுபாடு மறைந்துவிடுகிறது என்பதை ஆண்ட்ரியாஸ் லைப்ராண்ட், ஜான் லிஸ்ட் ஆகியோரின் கள ஆய்வு கண்டறிந்தது.

முதலில் சொல்லப்படும் எண்ணின் வலிமையை உளவியல் ஆய்வுகள் விளக்கின. ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1974இல் வெளியிட்ட கட்டுரையில், சுழற்சக்கரத்தில் தற்செயலாக வந்த எண்கூட மனிதர்களின் கணிப்பைத் தன் பக்கம் இழுப்பதைக் காட்டினர். ஐக்கிய நாடுகள் அவையில் ஆப்பிரிக்க நாடுகளின் விழுக்காடு என்ன என்ற கேள்விக்கு, சக்கரத்தில் 10 வந்தவர்களின் இடைநிலை விடை 25. சக்கரத்தில் 65 வந்தவர்களின் விடை 45. நேர்காணலில் பழைய சம்பளம் முதலில் சொல்லப்பட்டால், பின்னர் வரும் பேச்சு முழுவதும் அந்த எண்ணைச் சுற்றியே அமைவதற்கு இதுவே காரணம்.

கேள்வியை மாற்றிய சட்டங்கள்

வேலைக்குத் தேர்வு செய்து தொகையை அறிவிக்கும் முன் பழைய சம்பளத்தைக் கேட்பதைத் தடைசெய்த முதல் அமெரிக்க மாநிலம் மாசசூசெட்ஸ். 2016 ஆகஸ்டில் கையெழுத்தான அச்சட்டம் 2018 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நியூயார்க் நகரம் 2017 அக்டோபர் இறுதியிலும், கலிபோர்னியா 2018 ஜனவரியிலும் இத்தடையை நடைமுறைப்படுத்தின. அடுத்த கட்டமாக, வேலை விளம்பரத்திலேயே ஊதிய வரம்பை வெளியிட வேண்டும் என்ற விதியைக் கொலராடோ மாநிலம் 2021 ஜனவரி 1 முதல் செயல்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஏற்ற ஊதிய வெளிப்படைத்தன்மை நெறிமுறை இவ்விரண்டையும் இணைத்தது. அதைத் தம் நாட்டுச் சட்டமாக்க உறுப்பு நாடுகளுக்கு 2026 ஜூன் 7 வரை காலம் தரப்பட்டது.

இச்சட்டங்களின் விளைவு பற்றி ஆய்வாளர்களிடையே ஒரே கருத்து இல்லை. பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, தடைக்குப் பின் வேலை மாறியவர்களின் ஊதியம் சராசரியாக 5 விழுக்காடு உயர்ந்தது. பெண்களுக்கு 8 விழுக்காடும் கறுப்பின மக்களுக்கு 13 விழுக்காடும் உயர்ந்தது. மறுபுறம், பணியாளர்கள் ஒருவர் சம்பளத்தை ஒருவர் அறியும்போது நிறுவனங்கள் பேரத்தில் கடுமை காட்டுவதால், சராசரி ஊதியம் சுமார் 2 விழுக்காடு குறைந்ததாக மற்றோர் ஆய்வு கூறுகிறது. அதிகச் சம்பளம் பெற்றவர்கள் தாமாகவே அதைச் சொல்வதும், சொல்லாதவர்கள் குறைவாகப் பெற்றவர்கள் என்று கருதப்படுவதும் தடையின் பயனைக் குறைக்கின்றன.

இந்திய நிலை

இந்தியாவில் பால் அடிப்படையிலான ஊதிய வேறுபாட்டை முன்பு 1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டம் தடுத்தது, அதற்கு மாற்றாக வந்த 2019ஆம் ஆண்டு ஊதியத் தொகுப்புச் சட்டமும் தடுக்கிறது. பழைய சம்பளத்தைக் கேட்பதை இவை தடுக்கவில்லை. தனியார் நிறுவனங்களின் படிவங்களில் தற்போதைய சி.டி.சி., எதிர்பார்க்கும் சி.டி.சி. ஆகிய இரண்டும் அடுத்தடுத்துக் கேட்கப்படுகின்றன. கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கேட்பதும் பரவலான வழக்கம். சிறிய ஊரிலுள்ள நிறுவனத்தில் குறைந்த சம்பளத்தில் தொடங்கியவரும், குழந்தைப் பராமரிப்புக்காகச் சில ஆண்டுகள் வேலையை விட்ட பெண்ணும் இதனால் கூடுதலாகப் பாதிக்கப்படுகின்றனர்.

சி.டி.சி. என்பது ஒரு பணியாளருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனம் செலுத்தும் பங்கு, பணிக்கொடைக்கான ஒதுக்கீடு, சில இடங்களில் காப்பீட்டுத் தொகை, இலக்கை எட்டினால் மட்டும் கிடைக்கும் ஊக்கத்தொகை ஆகியவையும் அதில் அடங்கும். எனவே அத்தொகையை 12ஆல் வகுத்தால் கையில் கிடைக்கும் மாதச் சம்பளம் வராது. நேர்காணலில் ஒரு தரப்பு சி.டி.சி.யையும் மறு தரப்பு கைச்சம்பளத்தையும் மனத்தில் வைத்துப் பேசுவதால் முதல் மாதச் சம்பளம் வந்தபின் ஏமாற்றம் அடைபவர்கள் பலர்.

தொகையை முடிவு செய்யும் அடிப்படைகள்

கேட்க வேண்டிய தொகைக்குக் கீழ்வரம்பு, மதிப்பு, தொடக்க எண் என மூன்று அடிப்படைகளை இவ்வரலாறு காட்டுகிறது. கீழ்வரம்பு வாழ்க்கைத் தேவையைச் சார்ந்தது. 1957இல் புதுதில்லியில் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்ச ஊதியத்தைக் கணிக்க ஒரு முறையை வகுத்தது. குடும்பத்தை மூன்று நுகர்வு அலகுகளாகக் கொண்டு ஓர் அலகுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெசம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள் முதலிய பிற செலவுகளுக்கு 20 விழுக்காடு என்பன அதன் கூறுகள். பிள்ளைகளின் கல்வி, மருத்துவம் போன்றவற்றுக்காக மேலும் 25 விழுக்காட்டை ரெப்டகாஸ் பிரெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சேர்த்தது. குறைந்தபட்சக் கூலிக்காக வகுக்கப்பட்ட இம்முறையைப் பின்பற்றித் தன் செலவுகளை எழுதிப் பார்க்கும் எவரும், எந்தத் தொகைக்குக் கீழ் ஒப்புக்கொள்ள முடியாது என்பதை அறியலாம்.

இரண்டாவது, அந்த வேலைக்கு வெளியில் உள்ள மதிப்பு. இதை அதே வேலையில் இருப்பவர்களிடமும், முன்பு அந்நிறுவனத்தில் பணியாற்றியவர்களிடமும், ஊதிய வரம்புடன் வரும் விளம்பரங்களிலிருந்தும் திரட்ட வேண்டும். ரிசோவுக்கு உணவு மேசையில் மூன்று ஆண்டுகள் தாமதமாகக் கிடைத்த தகவல் இதுவே. மூன்றாவது, பேச்சைத் தொடங்கும் எண். வேலைக்கான வரம்பை முதலில் நிறுவனத்திடம் கேட்பதும், அது கிடைக்காதபோது பழைய சம்பளத்துக்கு மாறாக வேலையின் மதிப்பைக் காட்டி ஒரு தொகையைச் சொல்வதும் இந்த அடிப்படையில் அமைந்தவை.

பழைய சம்பளம் இந்த மூன்றில் எதிலும் சேராது. அது முன்பு ஒரு நிறுவனம் கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை மட்டுமே. ஆயினும் தடைச் சட்டம் இல்லாத நாடுகளில் விண்ணப்பப் படிவத்தில் அதற்கான கட்டம் இன்றும் இருக்கிறது. எதிர்பார்க்கும் சம்பளத்துக்கான கட்டம் அதற்கு அடுத்தபடியாகவே வருகிறது.